வீட்டுக்குத் தூரம்

ஜூன் 2, திங்கள்

மாத்திரை போட்டாச்சு.

இந்த டைரி லிங்கம் கொடுத்தது. என் மகன் மருந்துக் கம்பெனியில் ரெப்பாக இருக்கிறான். டாக்டர்மாருக்குக் கொடுத்தது போக மிஞ்சுகிற டைரி வருஷா வருஷம் வீட்டுக்கு வரும். "பிரஷர் மாத்திரை போட்டதும் இதுல ஒரு வரி எழுதிரும்மா. அப்பதான் மறக்க மாட்டே" என்றான். நான் மறப்பேனாம். அவன் மூணாம் வகுப்பில் யாருடைய பேனாவைத் திருடிக்கொண்டு வந்தான் என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் படித்ததே மூணாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்காக மண்டையில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

மாத்திரைக்கு ஒரு வரி போதும். மிச்சப் பக்கம் சும்மா கிடக்கிறது. அப்படி விட மனசு வரவில்லை.

இன்றைக்குப் பேத்தி ஆதிராவுக்குப் பள்ளிக்கூடம் திறந்தாச்சு. விடியுமுன் எழுந்து இட்லி, தேங்காய்ச் சட்னி, அவளுக்குப் பிடிக்குமென்று எலுமிச்சை சாதம், மகனுக்குக் குழம்பு, மருமகள் சுகந்திக்கு ரெண்டு சப்பாத்தி. எல்லாரும் போனபிறகு காப்பியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். காலிங் பெல் அடித்தது, பார்சல்காரன். திரும்ப வந்தால் மோட்டார் ஓடுகிற சத்தம், தண்ணீர் வழிகிறது. அதை நிறுத்திவிட்டு வந்தால் சுகந்தி போன். "அத்தை, நீங்க சும்மாதானே இருக்கீங்க, அந்த மாவை ஃப்ரிட்ஜுல வச்சிருங்க."

காப்பியில் ஆடை படிந்துவிட்டது. சூடாக ஒரு காப்பியை முழுசாகக் குடித்தது எப்போது என்று யோசித்தேன். எனக்கே ஞாபகம் வரவில்லை. அதுதான் கோபம்.

ஜூன் 3, செவ்வாய்

மாத்திரை போட்டாச்சு. துணி காயவில்லை.

ஜூன் 5, வியாழன்

மாத்திரை போட்டாச்சு.

கீழ்வீட்டுப் பரிமளா வந்தாள். ஃப்ளாட் ஆண்டு விழாவுக்கு ஆளுக்கொரு பலகாரமாம். "எங்க அத்தை கைமுறுக்கு சுத்துனா அவ்வளவு அழகா இருக்கும். மொத்தப் பேருக்கும் அவங்களே செஞ்சு தருவாங்க" என்று சுகந்தி சொல்கிறாள். மொத்தப் பேருக்கும். என் கையை இவள் தானமாகக் கொடுக்கிறாள். நான் அங்கேயேதான் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டு நின்றேன். என் முகத்தை ஒருத்தியும் பார்க்கவில்லை.

இதையும் நான் மறக்கப் போவதில்லை. என் கல்யாணத்து மறுவீட்டில், பாயசம் தண்ணீராக இருக்கிறது என்று என் நாத்தனார் பந்தி நடுவில் சொன்னாள். அவள் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு. நான் இன்னும் மறக்கவில்லை. பாயசம் கெட்டியாகத்தான் இருந்தது.

சுகந்தி கெட்டவள் என்று எழுதவில்லை. அவளும் உட்காருவதில்லை. காதில் அந்தக் கருப்புக் குமிழைச் செருகிக்கொண்டு வெங்காயம் வெட்டிக்கொண்டே ஆபீஸ் ஆளுங்களோடு பேசுவாள். ராத்திரி ஆதிராவுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது கண் தானாக மூடும், வாய் மட்டும் பேசிக்கொண்டிருக்கும். அது அவள் பாடு. என் கையை ஏன் கொடுக்கவேண்டும்.

சாயங்காலம் வேறொன்று ஞாபகம் வந்தது. தென்காசியில் நான் வாழவந்த வீட்டில், மாதம் மூணு நாள் வீட்டுக்குத் தூரம் என்று கொல்லைப்புற அறையில் உட்கார வைப்பார்கள். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறை. ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். சோற்றைத் தூக்கிப் போடுவார்கள், நான் ஏந்திக்கொள்ளவேண்டும். கிணற்றைத் தொடக்கூடாது, பிள்ளையைத் தொடக்கூடாது. லிங்கம் கைக்குழந்தையாக இருந்தபோது வாசற்படியில் நின்று கையை நீட்டி அழுவான். அதெல்லாம் அநியாயம். செய்தவர்கள் ஒருத்தரையும் நான் மன்னிக்கவில்லை.

ஆனால் ஒன்று. என் ஆயுசில் நான் உட்கார்ந்தது அந்த அறையில்தான்.

அங்கே ஒருத்தரும் என்னைக் கூப்பிட முடியாது. கூப்பிட்டு என்ன செய்ய, எதையும் தொட விடமாட்டார்களே. முருங்கை மரத்தில் அணில் ஏறுவதும் இறங்குவதும் பார்ப்பேன். சுவரில் வெயில் நகர்வதைப் பார்ப்பேன். ஒன்றும் நினைக்காமல் இருப்பேன். நாலாம் நாள் தலை முழுகிவிட்டு அடுப்படிக்குள் போனால் திரும்ப அடுத்த மாசம்தான்.

அப்புறம் அது நின்றது. "இனி நிம்மதி" என்றார்கள் எல்லாரும். எனக்கு லீவு போச்சு.

ஜூன் 7, சனி

மாத்திரை போட்டாச்சு.

முடிவு பண்ணிவிட்டேன். சுகந்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். போய் நின்று சொன்னேன்.

"சுகந்தி, நான் வீட்டுக்குத் தூரம். மூணு நாள் ஆகும்."

கையிலிருந்த சட்டை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன அத்தை சொல்றீங்க?"

"தூரம்னு சொல்லுதேன். உங்க ஊர்ல வேற பேரா?"

"எப்பத்துலேர்ந்து?"

"ரொம்ப நாளாவே இருக்கு. இன்னைக்குத்தான் வாயைத் திறந்து சொல்லுதேன்."

"ரொம்ப நாளாவா? ஏன் அத்தை மறைச்சீங்க?"

"சொன்னா மட்டும் விட்டுருவீங்களாக்கும்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. என் தைரியத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். கிட்டே வந்து குரலைத் தாழ்த்தி, "வலி இருக்கா?" என்று கேட்டாள்.

"வலி இல்லாம இருக்குமா? இடுப்பு, முழங்கால், குதிகால் எல்லாந்தான்."

 அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு லிங்கத்தோடு பேசினாள். ரொம்ப நேரம் பேசினாள். பேசட்டும். ராத்திரிச் சமையலை என்னைச் செய்யவிடவில்லை. ஹோட்டலிலிருந்து இடியாப்பம் வந்தது. சொன்னவுடனே வழிக்கு வந்துவிட்டார்களே, இதை முந்தியே சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

மாத்திரை போட்டாச்சு. ஒருத்தரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. லிங்கம் என் காலைப் பிடித்துவிட்டான். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் தோற்றபோது பிடித்தது, அதற்கப்புறம் இன்றைக்குத்தான்.

ஜூன் 9, திங்கள்

மாத்திரை போட்டாச்சு. காலையில் காரில் ஏறச் சொன்னார்கள். பிரஷர் பார்க்கத்தான் என்று நினைத்தேன்.

பெரிய ஆஸ்பத்திரி. தண்ணீரைக் குடி குடி என்று வயிறு முட்டக் குடிக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். அப்புறம் ஒரு லேடி டாக்டர். மேசை ஓரத்தில் பாதி கடித்த பிஸ்கட் கிடந்தது. லிங்கத்தை வெளியே உட்காரச் சொன்னாள். சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். 

"எத்தனை நாளா படுதும்மா?" என்றாள் டாக்டர்.

"என்ன படுது?"

"ரத்தம்."

"எனக்கா? லிங்கத்துக்குப் பொண்ணு பாக்கும்போதே எல்லாம் நின்னு போச்சே."

டாக்டர் சுகந்தியைப் பார்த்தாள். சுகந்தி என்னைப் பார்த்தாள்.

"தூரம்னு சொன்னீங்களே அத்தை?"

"ஆமா, தூரம்தான். மூணு நாள் உக்காரணும்னு சொன்னேன். ரத்தம்னு எப்ப சொன்னேன்?"

டாக்டருக்கு விளங்கவில்லை. நான் விளக்கமாகச் சொன்னேன். "முந்தி மாசம் மூணு நாள் உக்காருவேம்மா. அது நின்னதுலேர்ந்து உக்காரவே இல்ல. இவங்க வீட்டுல எனக்கு ஞாயித்துக்கிழமை கிடையாது, தீவாளி கிடையாது. அதான் திரும்பவும் தூரமாகலாம்னு."

அந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். மாஸ்க்கை இறக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஸ்கேனில் ஒரு குறையும் இல்லையாம். "இந்த வியாதிக்கு மருந்து இருந்தா முதல்ல நான்தாம்மா சாப்பிடணும்" என்றாள். அதற்குள் நர்ஸ் கதவைத் தட்டி, பிரசவ அறைக்குக் கூப்பிட்டாள். மிச்சப் பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டே ஓடினாள்.

சுகந்தி சிரிக்கவில்லை. காருக்குள் ஏறினதும் வெடித்துவிட்டாள்.

"ரெண்டு ராத்திரியா நான் தூங்கல அத்தை. எங்கம்மாவும் இப்படித்தான் யார்ட்டயும் சொல்லாம வச்சிருந்தாங்க. சூடு, சூடுன்னு மோர் குடிச்சிட்டே இருந்தாங்க. தெரியும்போது கேன்சர் கர்ப்பப்பை முழுக்கப் பரவியாச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். சம்பந்தம் பேசப் போனபோது அந்த அம்மா படத்துக்கு மாலை போட்டிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு கதம்பம் வாடிக் கிடந்தது. அதுவரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் வாயில் வந்த வார்த்தை அவள் காதில் இப்படி விழும் என்று எனக்கெப்படித் தெரியும்.

லிங்கம் வண்டியை ஓட்டிக்கொண்டே, "ரெஸ்ட் வேணும்னா ரெஸ்ட் வேணும்னு சொல்ல வேண்டியதுதானேம்மா" என்றான்.

"சொன்னா என்ன சொல்லுவே?"

"கொஞ்ச நேரம் படுத்துக்கோன்னு சொல்லுவேன்."

"படுத்தா, தோசைக்கு என்ன தொட்டுக்கன்னு வந்து நிப்பே. போன மாசம் காய்ச்சல்ல கிடந்தப்ப கேட்டியே. மறந்துட்டியா?"

அவன் ஹாரன் அடித்தான். முன்னால் வண்டி ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன், நாளையிலிருந்து மூணு நாள் என்று. சுகந்தி ஒத்துக்கொள்ளவில்லை. "என் வீட்டுல தூரம், தீட்டுன்னு யாரும் ஒதுங்கி உக்காரக் கூடாது. நான் இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கே சொன்னேன். நாளைக்கு ஆதிரா பெரியவளாகி, இதைப் பாத்து என்ன படிப்பா?"

அவள் சொல்வது நியாயம். அவள் வந்த புதிதில், நாங்கள் இதெல்லாம் பார்க்க மாட்டோம் என்று அடித்துச் சொன்னபோது நான் வாயே திறக்கவில்லை. உள்ளுக்குள் அவளைக் கும்பிட்டேன். அதை அவளிடம் சொல்வதற்கில்லை.

"என்னை ஒதுக்கி வச்சது அவங்க. இப்ப ஒதுங்குதது நான். ரெண்டும் ஒண்ணாட்டி?" என்றேன்.

"பேரை மாத்துங்க அத்தை. லீவுன்னு சொல்லுங்க."

"லீவு கேட்டா குடுப்பீங்க, இல்ல மாட்டீங்க. தூரம்னா யாரும் குடுக்க வேண்டாம். பிடுங்கவும் முடியாது. அந்த வார்த்தையால என்னை எத்தனை வருஷம் அடிச்சாங்க. அதை என் கையில வச்சுக்க எனக்குப் பாத்தியதை இல்லையா?"

அவள் அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள், கொஞ்சம் பலமாகவே.

ஜூன் 10, செவ்வாய்

மாத்திரை போட்டாச்சு. பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார்ந்தாச்சு.

உள்ளே பால் பொங்கி வழிந்த வாடை வந்தது. எழுந்திருக்கவில்லை. லிங்கம் கரண்டியோடு வந்து நின்றான். "அம்மா, சாம்பார் பொடி எங்க?"

"எனக்கெப்படி தெரியும்? நான் தூரம்."

ஆதிரா வந்தாள். "ஆச்சி, என் சாக்ஸ் ஒண்ணுதான் இருக்கு." எனக்கு இன்னொன்று எங்கே என்று தெரியும், சோபாவுக்கு அடியில். நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். "ஆச்சி, தூரம்னா என்ன?" என்றாள். "உங்க அம்மாட்ட கேளு. அவ சரியாச் சொல்லுவா" என்றேன். சரியாகத்தான் சொல்லியிருப்பாள்.

உட்காருவது லேசு என்று நினைத்தேன், இல்லை. கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. பார்த்தால் பால்கனிக் கம்பியில் பெயிண்டை உரித்துக்கொண்டிருக்கிறேன். புடவைத் தலைப்பை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருக்கிறேன். குக்கர் விசில் கேட்டால் இடுப்பு தானாக எழும்புகிறது. என்னை இப்படிப் பழக்கி வைத்திருக்கிறார்கள். கையை ரெண்டு தொடைக்கும் அடியில் கொடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் கை அடங்கியது. எதிர்வீட்டு மாடித் தொட்டியில் ஒரு காகம் குளித்தது. ரொம்ப நேரம் குளித்தது. அதுக்கு ஒருத்தரும் அவசரம் சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

மாத்திரை போட்டாச்சு. லிங்கம் வைத்த சாம்பாரில் புளியே இல்லை. சாப்பிட்டேன். நல்லா இருக்கிறது என்று சொல்லவில்லை, பொய் எதற்கு.

பரிமளா முறுக்கு எப்போது சுற்றுவேன் என்று கேட்டு வந்தாள். கதவைத் திறந்தது சுகந்தி. நான் பால்கனியில், காது இங்கேதான்.

"அத்தை சுத்தலைங்க. அவங்ககிட்ட கேக்காம நான் சொன்னது தப்பு. கடையில வாங்கித் தரேன்."

"என்ன, உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. அவங்க தூரம்."

பரிமளா என்ன முகம் காட்டினாளோ, எனக்குத் தெரியவில்லை.  சுகந்தி வேறெதுவும் விளக்காமல் கதவைச் சாத்தினாள். அதற்காக முறுக்கு விஷயத்தை நான் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. பாதி மன்னித்தேன்.

ஒன்றும் செய்யாமல் இருந்தால் பழசு வருகிறது. இன்றைக்கு மாமியார் வந்தாள்.

அவளிடம் எனக்குப் பல கோபம். அதில் பெரிய கோபம் இது. நாலாம் நாள் விடியற்காலையில் தலை முழுகிவிட்டு, ஈரத் துணியோடு பின்வாசல்படியில் கால் வைப்பேன். கிழவி குறுக்கே வந்து நிற்பாள். "இன்னும் ஒரு நாள் இரு" என்பாள். அவ்வளவுதான். எல்லார் முன்னாலும். என் உடம்பு சுத்தமாச்சா இல்லையா என்று எனக்குத் தெரியாதா? எனக்குக் காது வரைக்கும் கொதிக்கும். முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய் அந்த அறையில் உட்காருவேன். நாப்பது வருஷமாக அந்தக் கொதிப்பு அப்படியே இருக்கிறது.

எல்லா மாசமும் அப்படிச் சொல்லமாட்டாள். எந்தெந்த மாசம் சொன்னாள் என்று இன்றைக்கு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன், எனக்குத்தான் எதுவும் மறக்காதே. தை அறுப்பில் வீடு நிறைய ஆளுக்குப் பொங்கிப் போடவேண்டியிருந்தபோது சொன்னாள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு உறவெல்லாம் வந்து இறங்கினபோது சொன்னாள். ரெண்டாவது பிள்ளை எனக்குத் தங்காமல் போய், அடுத்து வந்த முதல் தூரத்தில் சொன்னாள். அந்தத் தடவை ஒரு நாள் அல்ல. தினமும் வந்து நின்று அதையே சொன்னாள்.

வேலை இல்லாத மாசங்களில் சொன்னதே இல்லை.

அறுப்பு மாசத்தில் அந்த நாலாம் நாள் நெல் அவித்தது யார்? கிழவிதான். இடுப்பு வளைந்துபோய், அண்டாவை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்து நகர்த்துவாள். அறைக்குள் இருந்து நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அவள் நல்லதை நினைத்துத்தான் சொன்னாள் என்று நான் எழுத மாட்டேன். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஏன் எழுதவேண்டும்.

ஜூன் 12, வியாழன்

காப்பியைச் சூடாகக் குடித்தேன். முழுசும்.

ஜூன் 13, வெள்ளி

மாத்திரை நேற்று மறந்துவிட்டேன். இன்றைக்குப் போட்டாச்சு.

தலை முழுகிவிட்டு அடுப்படிக்குள் போனேன். பாத்திரம் எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. சாம்பார் பொடி டப்பாமேல் லிங்கம் பேனாவால் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறான். "அப்பாடா, முடிஞ்சுதா" என்றான்.

"அடுத்த மாசமும் வரும். மாசாமாசம் வரத்தானே செய்யும்" என்றேன்.

சுகந்தி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. ஆனால் தோள் குலுங்கியது. சிரித்தாளா, இருமினாளா தெரியாது.

ஜூன் 18, புதன்

மாத்திரை போட்டாச்சு. சுகந்திக்கு ஆபீஸில் ஆடிட்டாம். ராத்திரி வந்து, நின்றபடியே தயிர்ச்சோறு தின்றாள். உட்காரச் சொன்னேன். "உக்காந்தா எந்திரிக்க முடியாது அத்தை" என்றாள்.

ஜூன் 21, சனி

மாத்திரை போட்டாச்சு.

மத்தியானம் சுகந்தி துணி எடுக்கப் பால்கனிக்குப் போனாள், வரவில்லை. போய்ப் பார்த்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் துணிக் குவியலோடு தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் அம்மா படத்தில் இருந்த அதே முகவெட்டு.

சாப்பாட்டு மேசையில் அவள் போன் அடித்துக்கொண்டே கிடந்தது. லிங்கம் அதை எடுத்துக்கொண்டு வந்தான்.

"சுகந்தி எங்கம்மா? ஆபீஸ்லேர்ந்து விடாம அடிக்கிறாங்க."

நான் பால்கனிக் கதவுக்குக் குறுக்கே நின்றேன்.

"அவ தூரம்."

"அம்மா, விளையாடாதே. அவசரமாம்."

"தூரம்னா தூரம்தாம்லே. எழுப்பக் கூடாது. போனையும் கீழ வை, அதுவும் தீட்டு."

"சரி, நைட்டுக்கு என்ன சாப்பாடு?"

"சாம்பார் பொடி எங்க இருக்குன்னுதான் எழுதி ஒட்டி வச்சிருக்கியே."

 அப்புறம் போனை அமர்த்திவிட்டுப் புளியை ஊறவைக்கப் போனான். புளி ஞாபகம் வந்துவிட்டது அவனுக்கு.

ஜூன் 22, ஞாயிறு

மாத்திரை போட்டாச்சு. சுகந்தி நாள் பூராவும் தூங்கினாள். சாப்பிட எழுந்தாள், திரும்பத் தூங்கினாள்.

ஜூன் 23, திங்கள்

காலையில் சுகந்தி குளித்துவிட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். கண்ணுக்கடியில் கருப்பு அப்படியே இருந்தது. தோளில் பை. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

நான் போய் வாசலில் குறுக்கே நின்றேன்.

"இன்னும் ஒரு நாள் இரு."

"எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை. நல்லாத்தான் இருக்கேன்."

"இன்னும் ஒரு நாள் இரு."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. யாருடையது என்று எனக்குத் தெரியும்.

அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். முகம் காது வரைக்கும் சிவந்தது. என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று நின்றேன். கொஞ்ச நேரத்தில் பை தோளிலிருந்து இறங்கியது. செருப்பை உதறிவிட்டு உள்ளே போனாள். பால்கனி நாற்காலி கிறீச்சென்றது.

கோபம்தான். இருக்கட்டும். எனக்கே ஆற நாப்பது வருஷம் ஆச்சு.